காலநிலைப் பேச்சுவார்த்தையில் ஊட்டச்சத்துக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: "காலநிலை மாநாட்டில் நிலக்கரி, எண்ணெய், காடு பற்றியெல்லாம் பேசுகிறார்கள், புரிகிறது. இப்போது ஊட்டச்சத்தையும் அதில் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். ஏற்கெனவே நகராமல் கிடக்கும் வண்டியில் எதற்கு இன்னொரு மூட்டை? பசிக்கும் சத்துக் குறைவுக்கும் தனித் திட்டங்கள்தான் இருக்கின்றனவே?"

நியாயமான கேள்விதான். பேச்சுவார்த்தைகள் நடக்கும் வேகத்தைப் பார்க்கும் யாருக்கும் இந்தச் சலிப்பு வரும். ஆனால் இந்த மூட்டையை யாரும் இன்று புதிதாக ஏற்றவில்லை. 1992-ல் உருவான ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். வெப்பமேற்றும் வாயுக்களை எந்த அளவோடு நிறுத்த வேண்டும், எவ்வளவு காலத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று சொல்லும் இடத்தில், இயற்கை தானாகச் சமாளித்துக்கொள்ள அவகாசம் வேண்டும், உணவு உற்பத்திக்கு ஆபத்து வரக் கூடாது, பொருளாதார வளர்ச்சி தொடர வேண்டும் என்று மூன்று காரணங்களை அது அடுக்குகிறது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முன்னுரையும், உணவுப் பாதுகாப்பைக் காப்பதும் பசியை ஒழிப்பதும் அடிப்படை முன்னுரிமை என்று ஒப்புக்கொள்கிறது. ஆக, உணவு முதல் நாளிலிருந்தே வண்டியில் இருக்கிறது. மூட்டையைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் முப்பது வருடம் ஆகிவிட்டது.

என்னைக் கேட்டால் சிக்கலே அந்த "உற்பத்தி" என்ற சொல்லில் இருக்கிறது. உற்பத்தி என்றவுடன் கை தானாக டன் கணக்குக்குப் போய்விடுகிறது. எத்தனை கோடி டன் கோதுமை, எத்தனை கோடி டன் நெல், ஹெக்டேருக்கு எவ்வளவு. குழந்தையின் உடம்புக்கு டன் தெரியாது. அதற்கு இரும்பு வேண்டும், துத்தநாகம் வேண்டும், புரதம், ஃபோலேட், வைட்டமின் ஏ எல்லாம் வேண்டும். டன் கூடியும் இவை குறையலாம் என்பதற்கு ஊகமோ கணினி மாதிரியோ தேவையில்லை, வயலிலேயே செய்து பார்த்த சோதனை இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் பதில் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

திறந்தவெளியில் சாதாரண வயல். அதன் நடுவே வட்டமாகக் குழாய்களைப் பதிக்கிறார்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கக் குழாய்களிலிருந்து கரியமில வாயுவைத் திறந்துவிடுகிறார்கள், அது வட்டத்துக்குள் நிற்கும் பயிர் மேல் பரவுகிறது. வட்டத்துக்குள் இருக்கும் பயிர் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரக்கூடிய காற்றைச் சுவாசிக்கிறது, வெளியே இருக்கும் பயிர் இன்றைய காற்றைச் சுவாசிக்கிறது. விதை ஒன்றே, மண் ஒன்றே, வெயிலும் மழையும் ஒன்றே. அறுவடை செய்து, தானியத்தை அரைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். ஜப்பான், ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் நடந்த இப்படிப்பட்ட சோதனைகளின் முடிவுகளை ஆய்வாளர் சாமுவேல் மயர்ஸ் குழுவினர் தொகுத்து 2014-ல் வெளியிட்டார்கள். காற்றில் கரியமில வாயு 550 பிபிஎம் (அதாவது பத்து லட்சம் பங்கில் 550 பங்கு) அளவுக்கு ஏறினால் கோதுமையில் துத்தநாகம் சுமார் 9 சதவீதம், புரதம் 6 சதவீதம், இரும்பு 5 சதவீதம் குறைகிறது. அரிசியில் புரதம் கிட்டத்தட்ட 8 சதவீதமும் இரும்பு 5 சதவீதமும் இறங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 280 பிபிஎம் இருந்த வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது என்பதோடு சேர்த்து இதைப் படியுங்கள். பின்னர் 2018-ல் சீனாவிலும் ஜப்பானிலும் 18 நெல் ரகங்களை வைத்து இதே முறையில் நடந்த ஆய்வு, பி வகை வைட்டமின்களும் குறைவதைக் காட்டியது. பி1 சுமார் 17 சதவீதம், ஃபோலேட் 30 சதவீதம். கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கிறோமே, அதே ஃபோலேட்.

இதில் என்னை இன்றுவரை உறுத்தும் விஷயம் வேறு. நெல், கோதுமை போன்ற பயிர்களுக்குக் கரியமில வாயு ஒரு தீனி மாதிரி. தண்ணீரும் உரமும் போதுமான அளவு இருந்தால் வட்டத்துக்குள் இருக்கும் பயிர் கூடுதலாகவே விளையும். அப்படியானால் டன்னில் கணக்கெழுதுபவரின் நோட்டில் இது லாபம். அதே மூட்டையைத் தின்று வளரும் குழந்தைக்கு நஷ்டம். இரண்டும் ஒரே வயலில், ஒரே பருவத்தில் நடக்கின்றன. அளவுகோல் டன்னாகவே இருக்கும்வரை இந்த நஷ்டம் எந்த அறிக்கையிலும் ஏறாது. 2050 வாக்கில் இந்த ஒரு காரணத்தால் மட்டும் கூடுதலாக 17.5 கோடிப் பேருக்குத் துத்தநாகக் குறைவும் 12.2 கோடிப் பேருக்குப் புரதக் குறைவும் வரக்கூடும் என்று 2018-ல் ஒரு கணிப்பு வந்தது. ஏற்கெனவே நிலைமை என்ன? பள்ளிப் பருவத்துக்கு முந்தைய வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கும், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் ஏதாவதொரு நுண்சத்துக் குறைவு இருப்பதாக 2022-ல் வந்த உலகளாவிய மதிப்பீடு சொன்னது. தட்டு நிறைந்திருக்கும், வயிறு நிறைந்திருக்கும், ரத்தத்தில் சத்து இருக்காது. இதைத்தான் மறைந்த பசி என்கிறோம்.

சரி, இது மெதுவாக வரும் பாதிப்பு. வேகமாக வருவதும் உண்டு.

2020 இறுதியிலிருந்து 2023 தொடக்கம் வரை எத்தியோப்பியா, கென்யா, சோமாலியா பகுதியில் தொடர்ந்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தன. மனிதர்கள் வெப்பமாக்கிய உலகம் இந்த வறட்சிக்கான வாய்ப்பைக் குறைந்தது 100 மடங்கு கூட்டியிருக்கிறது என்று காலநிலை விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அங்கே வறட்சி குழந்தையின் உடம்புக்குள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். கால்நடை மேய்க்கும் குடும்பங்களில் சின்னக் குழந்தைகளுக்குச் சத்து என்றால் பெரும்பாலும் பால்தான். மழை இல்லை, புல் காய்கிறது. மந்தையை ஓட்டிக்கொண்டு ஆண்கள் தூரமாகப் போய்விடுகிறார்கள், பாலும் அவர்களோடு போய்விடுகிறது. வீட்டில் இருக்கும் தாய் தண்ணீருக்காக முன்னைவிட நெடுந்தூரம் நடக்கிறாள், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம் அதில் குறைகிறது. கிடைக்கிற தண்ணீரும் கலங்கல், அதனால் வயிற்றுப்போக்கு. வயிற்றுப்போக்கு வந்த குழந்தை எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. மந்தையில் மாடு சாகச் சாகக் கையில் காசும் இல்லை, தானியத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் ஒரு சுகாதாரப் பணியாளர் வந்து குழந்தையின் இடது மேற்கையில் ஒரு நாடாவைச் சுற்றிப் பார்க்கிறார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் போட்ட நாடா. 12.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பச்சை. 11.5-க்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது உயிருக்கு ஆபத்து, உடனே சிகிச்சை வேண்டும். ஐந்து வயதை நெருங்கும் குழந்தைக்கும் இதே அளவுதான். 11.5 சென்டிமீட்டர் எவ்வளவு என்று ஒரு நூலை வளையமாகப் பிடித்துப் பாருங்கள்.

இந்தக் குடும்பங்கள் எரித்த எண்ணெய் எவ்வளவு இருக்கும்? காலநிலை நீதி என்ற பெரிய சொல்லுக்கு அந்தச் சிவப்பு நிறம்தான் பொருள் என்று நான் நினைக்கிறேன். அந்த நாடாவின் கணக்கு காலநிலை மாநாட்டு மேசைக்கு வருவதில்லை, அது வேறு துறை, வேறு நிதி, வேறு கூட்டம். "தனித் திட்டங்கள்தான் இருக்கின்றனவே" என்று கேட்டீர்களே, கோளாறே அந்தத் தனியில்தான்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வறட்சியோ வெள்ளமோ வெப்ப அலையோ வந்தால் எல்லா உணவும் ஒரே மாதிரி அடிவாங்குவதில்லை. காய், கனி, கீரை, பால், மீன் எல்லாம் சீக்கிரம் கெட்டுப்போகும், தண்ணீர் நிறையக் கேட்கும், குளிர்ச்சி கேட்கும். விலை ஏறும்போது குடும்பங்கள் முதலில் கைவிடுவதும் இவற்றைத்தான், தானியத்தையோ எண்ணெயையோ சர்க்கரையையோ இல்லை. அதனால் பசி ஆறிவிடும், சத்து போய்விடும். ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2024-ல் உலகில் பசியோடு இருந்தவர்கள் சுமார் 67 கோடி. ஆனால் சத்தான உணவு வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் 260 கோடி. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் ஏறத்தாழ 190 கோடிப் பேரைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். மலிவான கலோரியை மட்டும் நம்பி வாழ்ந்தால் ஒரே வீட்டில் ரத்தசோகையும் உடல் பருமனும் சேர்ந்தே இருக்கும். உலகில் உடல் பருமனோடு வாழ்பவர்கள் 100 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்பதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி மறுபக்கம். உணவு, காலநிலையால் அடிபடுவது மட்டுமில்லை, காலநிலையை அடிக்கவும் செய்கிறது. காட்டை அழித்து வயலாக்குவது, மாடுகள் ஏப்பம் விடும் மீத்தேன், நெல் வயலின் மீத்தேன், நைட்ரஜன் உரத்திலிருந்து வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடு, அப்புறம் லாரி, குளிர்பதனக் கிடங்கு, பொட்டலம், அடுப்பு, குப்பைமேடு என்று எல்லாவற்றையும் கூட்டினால் மனிதச் செயலால் வரும் உமிழ்வில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உணவுக் கணக்கில் வருகிறது. ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐபிசிசி 2019-ல் இதை 21 முதல் 37 சதவீதம் வரை என்று சொன்னது. 2020-ல் வந்த இன்னொரு ஆய்வு, நாளைக்கே உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு உமிழ்வை நிறுத்தினாலும், உணவு இப்போது போகும் போக்கிலேயே போனால் அது ஒன்றே புவி வெப்ப உயர்வுக்கு வைத்த 1.5 டிகிரி வரம்பை மீற வைத்துவிடும் என்று காட்டியது. ஆகவே உணவைத் தொடாமல் காலநிலை இலக்கை எட்ட வழியே இல்லை. தொட்டே ஆக வேண்டும் என்றால் எந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தொடுவது?

கார்பன் அளவுகோலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தால் விபரீதமான பதில்கள் வரும். ஒரு கலோரிக்கு எவ்வளவு உமிழ்வு என்று வரிசைப்படுத்துங்கள். சர்க்கரைக்கு நல்ல இடம் கிடைக்கும். எண்ணெய்க்கும் தீட்டிய தானியத்துக்கும் பரவாயில்லாத இடம். பாலும் முட்டையும் மீனும் கீழே போய்விடும். அதை அப்படியே கொள்கையாக்கினால் ஏற்கெனவே மாவுச்சத்தை மட்டும் தின்று வளரும் ஏழைக் குழந்தையின் தட்டிலிருந்து அந்த ஒரே ஒரு முட்டையையும் எடுக்கச் சொல்வதாகிவிடும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையான குழந்தையின் வயிறு சின்னது, தேவையோ பெரியது. கொஞ்சம் உணவில் நிறையச் சத்து வேண்டும், அதற்குப் பாலும் முட்டையும் மீனும் இறைச்சியும் கைகொடுக்கும். அதே சமயம் பணக்கார நாடுகளில் ஒருவர் சராசரியாகத் தின்னும் இறைச்சி அவர் உடம்புக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு, அது அவர் இதயத்துக்கும் நல்லதில்லை, பூமிக்கும் நல்லதில்லை. "எல்லோரும் இறைச்சியைக் குறையுங்கள்" என்பது மேடையில் நியாயமாகத்தான் ஒலிக்கும். யார் குறைக்க வேண்டும், யாருக்குக் கூட்ட வேண்டும் என்று பிரித்துச் சொல்ல ஊட்டச்சத்துக் கணக்கு மட்டுமே உதவும். கால்நடைப் பேச்சு வந்தாலே வளரும் நாடுகள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தீர்க்கிற கருவியும் இதே ஊட்டச்சத்துதான்.

இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் நெல் வயல். வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்றுப் போகாது, காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்கும். மீத்தேன் இருபது வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு சூடேற்றும். இதற்குத் தீர்வு மிக எளிது, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது. பக்கவாட்டில் துளைகள் போட்ட ஓர் அடி நீளக் குழாயைச் சேற்றில் செங்குத்தாகப் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் நிலத்துக்கு அடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். மண்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பொறுத்திருந்து, இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. நெல் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு நிறுவனம் பரப்பிய முறை இது. ஒழுங்காகச் செய்தால் விளைச்சல் குறையாமல் தண்ணீர் 30 சதவீதம் வரை மிஞ்சும், மீத்தேன் ஏறத்தாழ பாதி வரைகூடக் குறையும்.

காலநிலைக்காரர்கள் இதோடு கதையை முடித்துவிடுவார்கள். ஊட்டச்சத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னும் இரண்டு விஷயம் சொல்லுவார். தேங்கிய நீரில் வளரும் நெல் மண்ணிலிருந்து ஆர்சனிக் என்ற நஞ்சை அதிகம் இழுக்கும், இடையிடையே காயவிட்டால் அரிசியில் ஆர்சனிக் குறையும், அது குழந்தைகளுக்குப் பெரிய நன்மை. ஆனால் காட்மியம் இருக்கும் மண்ணாக இருந்தால் காயவிடும்போது அது அரிசிக்குள் கூடுதலாக ஏறக்கூடும், ஆகவே மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் எல்லா இடத்துக்கும் ஒரே உத்தரவு போடாதீர்கள். இந்த இரண்டாவது எச்சரிக்கை எந்தக் கார்பன் கணக்கிலும் வராது. இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

வீணாகும் உணவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். 2022-ல் வீடுகளிலும் கடைகளிலும் உணவகங்களிலும் சேர்த்து 105 கோடி டன் உணவு வீணானது, மக்களுக்குக் கிடைக்கக்கூடிய உணவில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கடைக்கு வருமுன்பே 13 சதவீதம் வழியில் போய்விடுகிறது. எடையைவிட, எது அழுகுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். எளிதில் அழுகும் காயும் கனியும்தான் முதலில் போகின்றன, நுண்சத்துகளும் அவற்றோடு போகின்றன. சூரிய மின்சாரத்தில் ஓடும் சின்னக் குளிர்கிடங்கு ஒன்று சந்தைக்குப் பக்கத்தில் இருந்தால் அது காலநிலைத் திட்டமும் ஆகும், ரத்தசோகைத் திட்டமும் ஆகும்.

பள்ளி உணவைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். உலக உணவுத் திட்ட அமைப்பின் சமீபத்திய கணக்குப்படி 46 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். பல நாடுகளில் அரசே மிகப்பெரிய உணவு வாடிக்கையாளர் என்று இதற்குப் பொருள். அந்த வாடிக்கையாளர் பருப்பு கேட்டால் பருப்பு விதைப்பார்கள், சிறுதானியம் கேட்டால் சிறுதானியம் விதைப்பார்கள். பிரேசில் 2009-ல் ஒரு சட்டம் போட்டது: பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடமிருந்து வாங்க வேண்டும் என்று அது அப்போது விதித்தது. குழந்தைக்குப் பக்கத்திலிருந்து வந்த காய் கிடைக்கிறது, விவசாயிக்கு நிச்சயமான சந்தை கிடைக்கிறது. நிச்சயமான சந்தை இருந்தால்தான் ஒரே பயிரை நம்பாமல் நான்கு பயிர் போடும் துணிச்சல் வரும், நான்கு பயிர் இருந்தால் ஒரு மழை பொய்த்தாலும் எல்லாம் போகாது. உலகின் மொத்தப் பயிர் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் ஒன்பது பயிர்களிலிருந்து வருகிறது. இப்படிச் சிலவற்றை மட்டும் நம்பியிருப்பது தட்டுக்கும் ஆபத்து, வயலுக்கும் ஆபத்து.

சரி, பேச்சுவார்த்தையில் இதுவரை என்னதான் நடந்திருக்கிறது? 2017-ல், ஃபிஜி தலைமையில் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த மாநாட்டில், விவசாயத்துக்கென்று கொரோனிவியா கூட்டுப்பணி என ஒன்று தொடங்கியது. 2022-ல் எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக்கில் அது உணவுப் பாதுகாப்பையும் சேர்த்து நான்கு வருடப் பணியாக நீட்டிக்கப்பட்டது. அதே மாநாட்டில்தான் எகிப்து, உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண் அமைப்பு முதலியவற்றோடு சேர்ந்து "ஐ-கேன்" என்ற காலநிலை, ஊட்டச்சத்து முயற்சியைத் தொடங்கியது. நீங்கள் கேட்ட இணைப்பை வெளிப்படையாக நோக்கமாக வைத்துத் தொடங்கிய முயற்சி அதுதான். 2023 துபாய் மாநாட்டில் உணவு அமைப்புகளைத் தங்கள் காலநிலைத் திட்டத்தில் சேர்ப்போம் என்ற பிரகடனத்தில் தொடக்கத்திலேயே 134 நாடுகள் கையெழுத்திட்டன, பிறகு அது 150-ஐத் தாண்டியது. பிரகடனம் யாரையும் கட்டுப்படுத்தாது, உண்மை. ஆனால் அதே மாநாட்டில், முறையான பேச்சுவார்த்தையில் மாறும் காலநிலைக்குத் தக்கபடி நாடுகள் தங்களைத் தயார்படுத்திக்கொள்வதற்காக எல்லா நாடுகளும் ஏற்ற தகவமைப்புச் சட்டகத்தில், எல்லோருக்கும் போதுமான உணவும் ஊட்டச்சத்தும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்ற இலக்கு எழுதப்பட்டிருக்கிறது. முன்னுரையில் உணவுப் பாதுகாப்பு, பசி என்று மட்டும் இருந்தது, இப்போது ஊட்டச்சத்து என்ற சொல்லோடு இலக்குக்கு நகர்ந்திருக்கிறது. எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

பணம்தான் நகரவில்லை. 2019-20 சராசரியில், உலகில் காலநிலைக்கென்று போன பணத்தில் உணவுக்கும் விவசாயத்துக்கும் கிடைத்தது 4.3 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு உமிழ்வு வரும் இடத்துக்கு, முதல் அடி விழும் இடத்துக்கு, இருபத்தைந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இன்னொரு பக்கம் விவசாய உற்பத்தியாளர்களுக்கு உலக அரசுகள் வருடத்துக்கு 54,000 கோடி டாலர் ஆதரவாகக் கொடுக்கின்றன. அதில் 87 சதவீதம் சந்தை விலையைக் கோணலாக்குகிறது அல்லது சூழலுக்கும் மக்கள் நலனுக்கும் கெடுதல் செய்கிறது என்று 2021-ல் மூன்று ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து சொல்லின. ஆக, பணம் இல்லாமல் இல்லை, தப்பான திசையில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த மானியத்தில் கொஞ்சத்தைத் தானியத்திலிருந்தும் சர்க்கரைப் பயிரிலிருந்தும் பருப்புக்கும் காய்கறிக்கும் திருப்பினால் புதிய காலநிலை நிதிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். இதை எந்த நாட்டில் சொன்னாலும் எதிர்ப்பு வரும், தெரியும், மானியத்தைப் பெறுபவர்கள் ஒழுங்காக அணிதிரண்டவர்கள், சத்துக் குறைவுள்ள குழந்தைகளுக்குச் சங்கம் கிடையாது. அதனால்தான் இது தானாக நடக்காது என்கிறேன். 2025-ல் பல பணக்கார நாடுகள் வெளிநாட்டு உதவியை வெட்டியபோது, கடுமையான சத்துக் குறைவுள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் சிகிச்சை உணவுப் பொட்டலங்களும் அடிபட்டன. ஊட்டச்சத்தைத் "தனித் திட்டம்" என்று ஓரமாக வைத்ததன் விலை அது.

உங்கள் கேள்வியின் நடைமுறைப் பகுதிக்கு வருகிறேன். இன்னொரு மாநாடோ இன்னொரு பிரகடனமோ தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் காகிதங்களில் அளவுகோலை மாற்றினால் போதும். முதல் காகிதம், பாரிஸ் ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாடும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் தேசியச் செயல்திட்டம். பலவற்றில் விவசாயம் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது, அதில் பாசனம், விதை, உரம், கால்நடை எல்லாம் இருக்கும், யார் என்ன சாப்பிடுவார்கள் என்பது இருக்காது. அதை எழுதும் குழுவில் சுற்றுச்சூழல் துறையும் எரிசக்தித் துறையும் விவசாயத் துறையும் உட்கார்ந்திருக்கும், சுகாதாரத் துறைக்குப் பெரும்பாலும் வரைவு முடிந்த பிறகு ஒரு பிரதி போகும்.

அளவிடுவது கஷ்டம் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. உணவுப் பன்மையை அளக்க மிக எளிய முறை ஒன்று உண்டு. ஒரு பெண்ணிடம் நேற்றுப் பகலும் இரவும் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறோம். தானியமும் கிழங்கும், பருப்பு, கொட்டைகளும் விதைகளும், பால், இறைச்சியும் மீனும், முட்டை, கரும்பச்சைக் கீரை, வைட்டமின் ஏ நிறைந்த காய்கனி, மற்றக் காய், மற்றக் கனி என்று பத்து வகை. அதில் குறைந்தது ஐந்து வகை வந்திருந்தால் அவருக்கு நுண்சத்துகள் ஓரளவு கிடைத்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ரத்தம் எடுக்க வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், பத்து நிமிடம் போதும். 2025-ல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் இந்த அளவையே நீடித்த வளர்ச்சி இலக்குகளின் அதிகாரபூர்வக் குறியீடுகளில் சேர்த்துவிட்டது. ஆகவே நாடுகள் எப்படியும் இதைச் சேகரிக்கப் போகின்றன. இரண்டாவது காகிதம், காலநிலை நிதிக்கான விண்ணப்பம். ஒரு பாசனத் திட்டமோ வறட்சி தாங்கும் விதைத் திட்டமோ காலநிலை நிதி கேட்டு வரும்போது, எத்தனை டன் கூடும் என்பதோடு, அந்தப் பகுதிப் பெண்களின் தட்டில் ஐந்து வகை வருமா என்ற கேள்வியையும் விண்ணப்பப் படிவத்தில் சேர்த்தால் போதும், திட்டத்தின் வடிவமே மாறிவிடும். கரும்புக்குப் போகவிருந்த தண்ணீர் காய்கறிக்குப் போகும், ஏனென்றால் கரும்பை வைத்து அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். எந்த நாட்டின் செயல்திட்டமும் ஐ.நா. காலநிலைச் செயலகத்தின் தளத்தில் பொதுவில் கிடைக்கும். திறந்து "ஊட்டச்சத்து" என்ற சொல்லைத் தேடுங்கள். பயிருக்கான ஊட்டச்சத்து என்று உரத்தைப் பற்றி வருவதை ஒதுக்கிவிடுங்கள். மனிதர்களைப் பற்றி வரும் இடங்களில், பக்கத்தில் ஓர் எண்ணோ ஒரு வருடமோ ஒரு தொகையோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தத் துறைக்கு எழுதிக் கேளுங்கள். பாரிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாவது உலகளாவிய மதிப்பாய்வு 2028-ல் முடிகிறது. அதற்குப் போகும் தரவை இப்போதுதான் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், இப்போது அளக்காதது அன்றைக்கு மேசையில் இருக்காது.